பசுமை என்று எழுதும் முன் தாரையும் எடை போடச் சொல்லுங்கள்

வேதியியல் ஆய்வுத் திட்டங்களை மதிப்பிட்டு நிதி ஒதுக்கும் நிபுணர் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

'பசுமை வேதியியல்', 'நீடித்த வினையூக்கம்' என்ற தலைப்புகளில் உங்கள் மேசைக்கு வரும் திட்ட வரைவுகளில், வினையூக்கியாக, அதாவது வினையை வேகப்படுத்தும் பொருளாக, எடுத்துக்கொள்ளும் போர்பைரின் மூலக்கூறுகளைப் பற்றியவையும் நிறைய இருக்கும். அப்படிப்பட்ட ஒரு திட்டத்தில்தான் நான் முனைவர் பட்டம் வாங்கினேன். இப்போது ஓர் அரசு கலைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அந்த மூலக்கூறின் மேல் எனக்கு இருக்கும் பிரியம் இன்னும் குறையவில்லை. அதனால்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றுதான். வினையூக்கி குடுவைக்குள் விழுந்த நொடியிலிருந்து கணக்கை ஆரம்பிக்க யாரையும் விடாதீர்கள். அது பிறந்த குடுவையிலிருந்து, அது செத்துப்போகும் நிமிடம்வரை எழுதி வாங்குங்கள். அதற்குப் பிறகு 'பசுமை' என்ற சொல்லுக்குக் கையெழுத்துப் போடுங்கள்.

குழுவில் வேறு துறையைச் சேர்ந்தவர்களும் இருப்பீர்கள் என்பதால் நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். பைரோல் என்ற சின்ன ஐங்கோண வளையம் நான்கு. அவற்றை இணைக்கும் கார்பன் பாலங்கள் நான்கு. இவை சேர்ந்து தட்டையான ஒரு பெரிய வளையம் ஆகின்றன. நடுவில் நான்கு நைட்ரஜன்கள் உள்ளே பார்த்தபடி நிற்கின்றன. அந்த இடத்தில் இரும்பு உட்கார்ந்தால் நம் இரத்தத்தின் ஹீம். வளையத்தில் சிறு மாற்றத்தோடு மெக்னீசியம் உட்கார்ந்தால் இலையின் பச்சையம். வளையம் கொஞ்சம் சுருங்கிக் கோபால்ட் வந்தால் வைட்டமின் பி12. மூச்சுக்கும் சோற்றுக்கும் ஒரே சட்டகம்! பெயர் வந்தது கிரேக்கத்தில் ஊதா நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து. ஹீம் குளோரைடோடு சேர்ந்த வடிவமான ஹீமினின் அமைப்பை உறுதிசெய்து அதைத் தொகுத்தும் காட்டிய ஹான்ஸ் ஃபிஷருக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

வேதியியலாளர்கள் இதன் பின்னால் ஓடுவதற்கு நல்ல காரணம் உண்டு. நம் கல்லீரலில் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம் இருக்கிறது. அதன் நெஞ்சில் இருப்பது ஹீம்தான். காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்து, எதற்கும் அசையாத கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புக்குள் ஓர் ஆக்சிஜன் அணுவைச் செருகிவிடும். நாம் விழுங்கும் மாத்திரைகளில் பலவற்றை உடலிலிருந்து வெளியேற்ற ஏற்றபடி மாற்றுவது இந்த வேலைதான். உடல் சூட்டில், தண்ணீரில், இரும்பைக் கொண்டு நடக்கிறது.

ஆலையில் ஆக்சிஜனேற்றம் எப்படி நடந்தது என்பதற்கு ராணிப்பேட்டைக்குப் போனால் போதும். ஆக்சிஜனேற்றத்துக்குப் பயன்படும் சோடியம் டைகுரோமேட்டைத் தயாரித்து வந்த ஓர் ஆலை 1990களில் அங்கே மூடப்பட்டது. ஆறு இணைதிறன் கொண்ட நச்சுக் குரோமியம் கலந்த கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் திறந்தவெளியில் மலையாகக் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் வழியும். நம் கல்லூரி ஆய்வகங்களில் ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்ய மாணவர்கள் எடுக்கும் ஆரஞ்சு நிறப் பொடியும் டைகுரோமேட்தான். அந்த வேலையை இரும்பும் காற்றும் செய்யுமானால் அதைவிடப் பெரிய ஆசை ஒரு வேதியியலாளருக்கு என்ன இருக்கப்போகிறது? எனக்கும் அந்த ஆசைதான் இருந்தது.

முதல் ஆண்டில் முதல் வேலையாக டெட்ராபீனைல்போர்பைரின் செய்யச் சொன்னார்கள். இந்தத் துறையின் அரிச்சுவடி அது. 1967இல் ஆட்லரும் லாங்கோவும் கூட்டாளிகளும் வெளியிட்ட முறை: புரோப்பியானிக் அமிலத்தைக் கொதிக்க வைத்து, அதில் பென்சால்டிஹைடும் பைரோலும் சேர்த்து, அரை மணி நேரம் கொதிக்க விட வேண்டும். குடுவை நிமிடங்களில் கறுத்துவிடும். ஆறியதும் வடிகட்டி மெத்தனாலால் கழுவினால், வடிதாளின் மேல் ஊதா நிறத்தில் மின்னும் பொடி. அதைக் கையில் எடுத்த முதல் நாளை நான் மறக்கவில்லை. தீபாவளிக்கு வாங்கிய பட்டுப்பாவாடை விளக்கொளியில் மின்னுவதுபோல் மின்னியது.

வடிதாளுக்குக் கீழே குடுவையில் இருந்ததைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. தார் போன்ற கறுப்புக் குழம்பு. இந்த முறையில் நூற்றுக்கு இருபது பங்குதான் போர்பைரின் ஆகும். மீதி எண்பதும் நீண்ட சங்கிலிகளாக, உருத்தெரியாத பிசினாக மாறிவிடும். நான் போட்ட அளவைச் சொல்கிறேன்: புரோப்பியானிக் அமிலம் 250 மில்லி, பென்சால்டிஹைடு 5.6 மில்லி, பைரோல் 3.8 மில்லி. கிடைத்தது 1.7 கிராம். அமிலத்தை மட்டும் கணக்கில் எடுத்தாலே ஒரு கிராம் போர்பைரினுக்குச் சுமார் 150 கிராம். கழுவிய மெத்தனால் தனி. அதன் பிறகு ஆய்வகத்தில் 'காலம் போடுவது' என்று சொல்வோமே, கண்ணாடிக் குழாயில் சிலிக்காவை நிரப்பி மேலிருந்து கரைப்பானை ஊற்றிப் பிரித்தெடுப்பது, அதற்குப் போன லிட்டர்கள் தனி. குழம்பையும் கரைப்பானையும் ஒரு பிளாஸ்டிக் கேனில் ஊற்றிப் படிக்கட்டுக்கு அடியில் வைத்தோம். நான் அங்கே இருந்த ஐந்து வருடத்தில் அந்தக் கேன்கள் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. என் ஆய்வேட்டின் முன்னுரையில் 'சுற்றுச்சூழலுக்கு இணக்கமான' என்ற தொடர் பதினோரு இடத்தில் வருகிறது. கேன்களைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை.

இதைவிட நல்ல முறை இருக்கிறதே என்பீர்கள். 1987இல் லிண்ட்சேயின் குழு தந்த முறையில் அறை வெப்பநிலையே போதும். மென்மையான ஆல்டிஹைடுகளும் தாங்கும். விளைச்சலும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. உண்மைதான். ஆனால் வினைப்பொருள்களை மிகவும் நீர்க்க வைத்தால்தான் வளையம் மூடும், இல்லாவிட்டால் சங்கிலி நீண்டுவிடும். வழக்கமான செறிவில், 40 சதவீத விளைச்சலே கிடைத்தாலும், ஒரு கிராம் டெட்ராபீனைல்போர்பைரினுக்கு 1.6 லிட்டர் டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் வேண்டும். எடையில் இரண்டு கிலோவுக்கும் மேல். கடைசிப் படியில் வளையத்தை ஆக்சிஜனேற்றம் செய்ய மூன்று கிராம் அளவுக்குக் குளோரின் ஏறிய குயினோன் வேண்டும். ஒரு கிராம் பொருளுக்கு மூன்று கிராம். 2024இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை டைகுளோரோமீத்தேனின் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடைசெய்தது. நம் ஆய்வகங்களில் அது இன்னும் தண்ணீர்போலப் புழங்குகிறது.

ரோஜர் ஷெல்டன் 1992இல் ஓர் எளிய அளவுகோலைக் கொடுத்தார். ஒரு கிலோ பொருள் செய்ய எத்தனை கிலோ கழிவு வந்தது? அவ்வளவுதான். எண்ணெய்ச் சுத்திகரிப்பில் அது 0.1ஐக்கூடத் தொடாது, மருந்துத் தயாரிப்பில் 25 முதல் 100வரை, அதற்கு மேலும் போகும். நான் செய்த ஊதாப் பொடி அந்த மருந்துக் கணக்கையும் தாண்டி நிற்கிறது. பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் 1998இல் பசுமை வேதியியலின் பன்னிரண்டு கோட்பாடுகளை வகுத்தபோது வினையூக்கி ஒன்பதாவதாக வந்தது. அந்த ஒன்பதாவதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற பதினொன்றை விட்டுவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதனால் போர்பைரினே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தார் ஒரு குற்றமா இல்லையா என்பதை முடிவு செய்வது ஓர் எண்தான்: ஒரு வினையூக்கி மூலக்கூறு சாவதற்கு முன் எத்தனை முறை வேலை செய்கிறது என்ற சுழற்சி எண். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் இரும்புப் போர்பைரின் செய்யக் கரைப்பான் 150 கிராம் போனது என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். அது சைக்ளோஹெக்சீனை எபாக்சைடாக, அதாவது ஓர் ஆக்சிஜன் ஏறிய பொருளாக, மாற்றுகிறது. சுழற்சி எண் 100 என்றால் கிடைக்கும் எபாக்சைடு 14 கிராம். வினையூக்கி பிறந்த செலவு மட்டும், பொருளின் ஒவ்வொரு கிராமுக்கும் பத்து கிராமுக்கு மேல் கரைப்பானாக வந்து உட்காரும். சுழற்சி எண் 10,000 என்றால் அதே ஒரு கிராம் 1.4 கிலோ எபாக்சைடு தரும். கரைப்பான் சுமை கிராமுக்கு 0.1 ஆகிவிடும். தார் அதே தார்தான், ஆனால் இங்கே அது பொருட்டே இல்லை. இத்தனை பெரிய வித்தியாசத்தைத் தீர்மானிக்கும் எண் பல வரைவுகளின் சுருக்கத்தில் இருப்பதே இல்லை. விளைச்சல் 98 சதவீதம் என்பது மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும்.

ஆக்சிஜனை யார் கொடுக்கிறார்கள் என்பது அடுத்த விஷயம். 1979இல் ஜான் குரோவ்ஸின் குழு, நொதி இல்லாமலே, வெறும் இரும்புப் போர்பைரினைக் கொண்டு ஆல்கீனை எபாக்சைடாகவும் ஆல்கேனை ஆல்கஹாலாகவும் மாற்றிக் காட்டியது. துறையின் திருப்புமுனை அது. ஆனால் அங்கே ஆக்சிஜன் கொடுத்தது காற்றில்லை, அயோடோசில்பென்சீன். 220 கிராம் அயோடோசில்பென்சீன் 16 கிராம் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு, 204 கிராம் அயோடோபென்சீனாக மிஞ்சி நிற்கும். குரோவ்ஸுக்கு அது பிழை இல்லை; நொதி எப்படி இயங்குகிறது என்று கேட்டவர் அவர், ஆலை கட்ட வந்தவர் இல்லை. நாற்பது வருடம் கழித்து அதே பொருளை எடுத்துக்கொண்டு 'பசுமை ஆக்சிஜனேற்றம்' என்று வரைவு எழுதுவதுதான் பிழை. ஹைட்ரஜன் பெராக்சைடில் 34 கிராமுக்கு 16 கிராம் ஆக்சிஜன், மிச்சம் தண்ணீர். அதைப் பயன்படுத்தினால் இரும்புப் போர்பைரின் பெராக்சைடை வீணாக உடைக்கும், தானும் வெளுத்துப்போகும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது, ஆய்வும் அங்கேதான் நடக்க வேண்டும்.

வெளுத்துப்போவது என்று சொன்னேன். போர்பைரின் இறப்பதைக் கண்ணால் பார்க்கலாம். இந்த மூலக்கூறுகள் 400 நானோமீட்டர் பக்கத்தில் ஒளியை அசுரத்தனமாக உறிஞ்சும். சோரெட் பட்டை என்பார்கள். டெட்ராபீனைல்போர்பைரினுக்கு அது 418 நானோமீட்டரில் வரும். வினை நடக்க நடக்க ஒரு சொட்டு எடுத்து நீர்த்து, ஒளி உறிஞ்சலை அளக்க எந்தக் கல்லூரியிலும் இருக்கும் யுவி கருவியில் வைத்தால், அந்தப் பட்டை கரைந்துகொண்டே போவது தெரியும். தான் உண்டாக்கிய வீரியமான ஆக்சிஜன் தன் வளையத்தின் பாலத்தையே தாக்குகிறது. இல்லாவிட்டால் இரண்டு இரும்புப் போர்பைரின்கள் நேருக்கு நேர் சந்தித்து, நடுவில் ஓர் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு இரட்டையாகச் சேர்ந்து வேலையை நிறுத்திவிடுகின்றன. கல்லீரலில் இது நடப்பதில்லை. அங்கே ஒவ்வொரு ஹீமும் புரதத்தின் மடிப்புக்குள் தனித்தனியாகப் பொத்தி வைக்கப்பட்டிருக்கிறது. குடுவையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதை ஈடுகட்ட வளையத்தைச் சுற்றிக் குளோரினையும் ஃபுளோரினையும் ஏற்றுகிறோம். ஆயுள் நீள்கிறது. விலையும் ஏறுகிறது, இயற்கை எளிதில் சிதைக்க முடியாத மூலக்கூறாகவும் அது மாறுகிறது.

இந்த இறப்பை மறைக்க ஒரு வரைபடம் இருக்கிறது. 'ஐந்து முறை மறுபயன்பாடு' என்று ஐந்து தூண்கள், ஐந்தும் ஒரே உயரம். நானும் வரைந்திருக்கிறேன். அதன் இரகசியத்தை இங்கே எழுதிவிடுகிறேன். வினை இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் அளவுக்கு வினையூக்கி போட்டுவிட்டு, ஆறு மணி நேரம் ஓடவிட்டால், முக்கால் பங்கு வினையூக்கி செத்திருந்தாலும் மீதிக் கால் பங்கு எண்பது நிமிடத்தில் வேலையை முடித்துவிடும். ஆறு மணி நேரம் கழித்து அளந்தால் ஐந்து தூணும் 98 சதவீதம்தான் காட்டும். உண்மையான கேள்வி, ஒவ்வொரு சுற்றிலும் முதல் சில நிமிடங்களில், வினை பாதிகூட முடியாத நிலையில், வேகம் எவ்வளவு என்பது. அதை நான் அளந்தது பட்டம் வாங்கிய பிறகு, ஒரு விடுமுறையில். இரண்டாம் சுற்றிலேயே வேகம் பாதிக்கும் கீழே போயிருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இன்னொரு சோதனையும் உண்டு, செலவே இல்லாதது. போர்பைரினுக்குப் பதில் அதே அளவு வெறும் இரும்புக் குளோரைடோ கோபால்ட் அசிட்டேட்டோ போட்டுப் பார்ப்பது. சில வினைகளில் அந்த உப்பே வேலையைச் செய்துவிடும். அப்போது அத்தனை தாரும் எதற்காக? சிலிக்காவிலோ பிசினிலோ கட்டி வைத்த போர்பைரின் என்றால், சூடாக இருக்கும்போதே வடிகட்டி, வடிநீரில் வினை தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடர்ந்தால் கட்டிய கயிறு அவிழ்ந்துவிட்டது என்று பொருள்.

கார்பன் டை ஆக்சைடுக்கு வருகிறேன், ஏனென்றால் இப்போது பணம் அதிகம் போவது அங்கேதான். இங்கே போர்பைரின்கள் செய்திருக்கும் வேலை மெய்யாகவே பிரமிப்பானது. பாரிஸில் சவேயாங், ராபர்ட், கோஸ்தாந்தென் குழு 2012இல் இரும்புப் போர்பைரினின் பீனைல் வளையங்களில் ஹைட்ராக்சில் தொகுதிகளை இரும்புக்குப் பக்கத்தில் வரும்படி வைத்தது. புரோட்டான் கையெட்டும் தூரத்தில் இருந்ததால் கார்பன் டை ஆக்சைடு கார்பன் மோனாக்சைடாக மாறும் வேகம் தாவி ஏறியது. நான்கு மணி நேர மின்னாற்பகுப்பில் ஐந்து கோடி சுழற்சி என்று அறிவித்தார்கள். அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது மின்முனையை ஒட்டிய மிக மெல்லிய படலத்தில் வேலை செய்யும் மூலக்கூறுகளை மட்டும் கொண்டு கணக்கிட்டது. கரைசலில் இருந்த மொத்த வினையூக்கியாலும் வகுத்தால் எண் பல மடங்கு இறங்கும். இரண்டு கணக்குக்கும் அதனதன் நியாயம் இருக்கிறது. ஒரு வரைவு முதல் வகைக் கணக்கை எழுதி, இன்னொருவரின் இரண்டாம் வகைக் கணக்கோடு ஒப்பிட்டு 'ஆயிரம் மடங்கு மேம்பாடு' என்று சொன்னால், எந்தக் கணக்கு என்று கேட்க வேண்டியவர் நீங்கள்.

2017இல் அதே நகரத்திலிருந்து ராபர்ட் குழு, நேர்மின் சுமை கொண்ட தொகுதிகள் பொருத்திய இரும்புப் போர்பைரினைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியில், சாதாரண வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் மீத்தேன் வரை கொண்டுபோனது. எட்டு எலக்ட்ரான்கள் ஏற வேண்டிய படி அது. முதலில் கார்பன் மோனாக்சைடு, பிறகு அதிலிருந்து மீத்தேன் என்று இரண்டு கட்டமாகச் செய்தபோது தெரிவுத்திறன், அதாவது வந்த பொருள்களில் மீத்தேனின் பங்கு, 82 சதவீதம்வரை வந்தது. ஒளியிலிருந்து பொருளாகும் திறன் 0.18 சதவீதம் என்பதையும் அவர்களே சுருக்கத்தில் எழுதினார்கள். நான் மதிப்பது அந்த இரண்டாவது எண்ணை முன்னால் வைத்த நேர்மையை. அந்தக் குடுவையில் ஒளியை வாங்கும் இன்னொரு பொருளும் இருந்தது. எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுத் தான் அழியும் அமீனும் இருந்தது. அதைப் பலிப்பொருள் என்றே துறையில் சொல்வார்கள். பெட்ரோலிய மூலத்திலிருந்து வந்த ஓர் அமீனைப் பலி கொடுத்துக் கொஞ்சம் மீத்தேன் எடுப்பது, வினை எப்படி நடக்கிறது என்று அறிவதற்குச் சரியான வழி. எரிபொருளுக்கு அது வழி இல்லை. அடுத்த கட்டமாக அந்த எலக்ட்ரானைத் தண்ணீரிலிருந்து எடுக்க ஏதாவது யோசனை வைத்திருக்கிறார்களா என்று வரைவில் தேடுங்கள். கார்பன்-13 என்ற எடை கூடிய கார்பனை அடையாளமாக ஏற்றிய வாயுவைக் கொண்டு, வந்த கார்பன் வாயுவிலிருந்துதான் வந்தது, கரைப்பான் சிதைந்து வந்ததில்லை என்று காட்டுவார்களா என்றும் பாருங்கள்.

ஆலைக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்ட உறவினர் ஒருவர் உண்டு, அவரைப் பற்றி நம் வரைவுகள் பேசுவதே இல்லை. போர்பைரினின் பங்காளியான தாலோசயனின். நீலச் சாயமாக உலகமெங்கும் டன் கணக்கில் செய்கிறார்கள். குஜராத்தின் வாபி, அங்கலேஷ்வர் பக்கம் அதற்கென்றே ஆலைகள் இருக்கின்றன. தாலிக் அன்ஹைட்ரைடு, யூரியா, உலோக உப்பு, இவ்வளவுதான் மூலப்பொருள். கோபால்ட் தாலோசயனின் 1958 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் வேலை செய்கிறது. சமையல் எரிவாயுவிலும் பெட்ரோலிலும் இருக்கும் மெர்காப்டன்கள் என்ற நாற்றம் பிடித்த கந்தகச் சேர்மங்களைக் காற்றைக் கொண்டே ஆக்சிஜனேற்றம் செய்கிறது. (நம் வீட்டுச் சிலிண்டரில் வரும் வாடை, கசிவு தெரிவதற்காகப் பின்னால் சேர்ப்பது.) விலை மலிவு, ஆயுள் நீளம், ஆக்சிஜன் கொடுப்பது காற்று. நீடித்த வினையூக்கம் என்றால் என்ன என்பதற்கு என் கண்ணில் படும் நல்ல சாட்சி இதுதான். ஆகவே, ஒரு புதிய போர்பைரினைப் பன்னிரண்டு படிகளில் கட்டப்போவதாக யாராவது எழுதினால், கடையில் கிடைக்கும் தாலோசயனின் அந்த வேலையைச் செய்யாதா என்று முதலில் ஒரு வாரம் சோதித்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

ஹீம் விஷயத்தில் எனக்கு இன்னொரு ஆதங்கம் உண்டு. ஒரு லிட்டர் மாட்டு இரத்தத்தில் சுமார் 100 கிராம் ஹீமோகுளோபின். அதன் எடையில் ஏறத்தாழ 4 சதவீதம் ஹீம். அப்படியென்றால் அறுப்புக்கூடத்தின் சாக்கடையில் லிட்டருக்கு 4 கிராம் இரும்புப் போர்பைரின் ஓடிப்போகிறது. நான் 1.7 கிராமுக்காகக் கால் லிட்டர் அமிலத்தைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஹீம் எல்லா வேலைக்கும் ஏற்றது இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கரைவது கடினம், ஆயுளும் குறைவு. இருந்தாலும் முயன்று பார்த்துத் தோற்றோம் என்று எழுதுவது வேறு, முயலாமலே விடுவது வேறு. அதைப் புரதத்தோடு சேர்த்தே பயன்படுத்தும் வழியும் திறந்திருக்கிறது. பிரான்சிஸ் ஆர்னால்டின் குழு 2016இல், வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ஹீம் புரதத்தைச் செலுத்தப்பட்ட பரிணாமத்தால், அதாவது மரபணுவைத் திரும்பத் திரும்ப மாற்றி நல்லதைத் தேர்ந்தெடுக்கும் வழியால், மாற்றி, உயிருலகில் அதுவரை காணாத கார்பன்-சிலிக்கான் பிணைப்பை உண்டாக்கியது. வினையூக்கி வளர்ந்தது பாக்டீரியாவுக்குள், தண்ணீரில்.

நம் உடலே இதைவிடப் பெரிய பாடம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 மில்லிகிராம் ஹீம் செய்கிறது. கிளைசின் போன்ற எளிய பொருள்களில் தொடங்கி, எட்டு நொதிகள் கைமாற்றிக் கைமாற்றி வளையத்தை மூடுகின்றன. தார் இல்லை, கேன் இல்லை. முடிவும் அப்படியே. அடிபட்டுக் கன்றிய இடம் முதலில் கருநீலமாகவும் பிறகு பச்சையாகவும் மஞ்சளாகவும் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஹீமின் வளையம் திறந்து பச்சை நிறப் பிலிவெர்டினாகி, அது மஞ்சள் பிலிருபினாகும் காட்சி அது. இரும்பு திரும்ப எடுக்கப்பட்டு அடுத்த ஹீமுக்குப் போகிறது. வேலை முடிந்ததும் தீங்கில்லாமல் சிதைய வேண்டும் என்ற பத்தாவது கோட்பாட்டை நம் தோலுக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு, சிதையவே சிதையாத போர்பைரினைச் சாதனை என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவு கேட்டால் அடிப்படை அறிவியல் செத்துவிடும் என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். என் நெறியாளரும் அதைத்தான் சொன்னார். அவர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஒரு புதிய வளையத்தின் அழகுக்காக, அதன் எலக்ட்ரான்கள் எப்படி ஓடுகின்றன என்று அறிவதற்காக ஒருவர் வரைவு எழுதினால் தாராளமாகப் பணம் கொடுங்கள். ஃபிஷரும் குரோவ்ஸும் செய்தது அதுதான். அவர்களிடம் கேன் கணக்குக் கேட்க வேண்டியதில்லை, கேனைப் பத்திரமாக அகற்றச் சொன்னால் போதும். 'பசுமை' என்ற சொல்லைக் காட்டி, அதற்கென்று ஒதுக்கிய நிதியைக் கேட்பவரிடம் மட்டும் கணக்குக் கேளுங்கள். இன்று நடப்பது தலைகீழ். அறிவுக்காக என்று நேர்மையாகக் கேட்டால் கிடைக்காது என்ற பயத்தில், எல்லா மாணவர்களும் முன்னுரையில் புவி வெப்பமாதலை எழுதிவிட்டு ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்க உங்களால்தான் முடியும்.

படிவத்தில் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்த்தால் போதும். வினையூக்கியைச் செய்ய ஆகும் கழிவு, கரைப்பானும் சேர்த்து, கிராமுக்கு எத்தனை கிராம். சாகும்வரை ஓடவிட்ட சுழற்சி எண், எதனால் வகுத்தது என்ற குறிப்போடு. வினை முடிவில் சோரெட் பட்டை எத்தனை சதவீதம் மிஞ்சியது. வெறும் உப்பு போட்ட சோதனையின் முடிவு. கழிவை அகற்ற ஒரு தொகை, பட்ஜெட்டில் தனி வரியாக. இடைக்கால அறிக்கையில் 'நாற்பது சுழற்சியில் செத்துவிட்டது' என்று ஒரு மாணவி எழுதினால், அதற்காக அடுத்த தவணையை நிறுத்த மாட்டோம் என்ற உறுதியையும் அதே பக்கத்தில் அச்சடித்துவிடுங்கள். அது இல்லாமல் மற்றவை எல்லாம் வெறும் எண்களாகவே நிரப்பப்படும்.

செய்ய முடியாத காரியம் இல்லை. கரைப்பானே இல்லாமல் சிலிக்காவின் மேல் வைத்து நுண்ணலை அடுப்பில் போர்பைரின் செய்யும் வழி 1990களிலேயே வந்துவிட்டது; அமிலம் சேர்த்து உரலில் அரைப்பதுபோல் அரைத்து, பிறகு ஆக்சிஜனேற்றம் செய்யும் முறையும் வந்திருக்கிறது. அரைத்து எடுத்தாலும் சுத்தம் செய்யக் காலம் போட வேண்டியிருக்கும், அந்தக் கரைப்பானையும் எழுத வேண்டும்.

போன பருவத்தில் எங்கள் முதுகலை மாணவர்கள் ஆறு பேர் இரண்டு குழுவாகப் பிரிந்து, ஒரு குழு ஆட்லர் முறையிலும் இன்னொன்று கல்வத்தில் அரைத்தும் டெட்ராபீனைல்போர்பைரின் செய்தார்கள். உள்ளே போன ஒவ்வொரு பொருளையும் வெளியே வந்த ஒவ்வொரு பொருளையும், கழுவிய பஞ்சு உட்பட, எடை போட்டு எழுதினார்கள். குழம்பை எடை போட்ட மாணவி, "சார், பொடியைவிட இதுதானே சார் நம்ம உண்மையான புராடக்ட்?" என்று கேட்டாள். அந்த எடைக் குறிப்பேட்டின் நகலையும், அதை வைத்து நாங்கள் தயாரித்த ஒரு பக்கப் படிவத்தையும் இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். உங்கள் அடுத்த கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள், வரும் பருவத்துக்குள் மாற்றிவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓர் அரசு கலைக் கல்லூரியின் வேதியியல் ஆசிரியர்